சிம்ம லக்னம்

நீல ரப்பர்ப் பந்தின் மேல் ஆதவனைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆசீர் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றில் தலை தொப்பென்று விழுந்தது. போன மாதம் ஒன்பதுதான் வந்திருந்தது. ஆக இரண்டு விநாடி லாபம். ஆதவனுக்குப் போன வாரம் ஏழு வயது முடிந்தது. மற்ற பிள்ளைகள் சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்டி அம்மாவிடம் அடி வாங்குகிற வயதில், இவன் தன் தலையைத் தானே பதினொரு விநாடி தாங்கியதற்கு அந்த அறையிலிருந்த மூன்று பேரும் கைதட்டினார்கள். அவன் அம்மா சுபஸ்ரீ எட்டு மாத வயிற்றோடு சிரமப்பட்டுக் குனிந்து அவன் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டு, "சிங்கக்குட்டிடா நீ" என்றாள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா ஜெயக்குமாரும் கைதட்டினான். சிங்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே அவன் தரையைப் பார்ப்பான். ஏன் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

தில்லைநகரில் ஒரு வீட்டு மாடியில் ஆசீர் பிசியோதெரபி நடத்தி வந்தார். அந்த மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பழைய நோட்டுகளில் கிடந்த பிள்ளைகளின் விவரங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஆதவனின் முறை வந்தபோது பிறப்பு விவரம் கேட்டார். தேதி, எடை, எத்தனை நாள் இன்குபேட்டர். எல்லாவற்றுக்கும் சுபஸ்ரீதான் பதில் சொன்னாள்.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"காலைல அஞ்சு மணிக்கு சார். ஆனா ஒம்போது மணி வரைக்கும் நான் யாருகிட்டயும் சொல்லல. அதையும் எழுதிக்கோங்க."

ஆசீர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஹார்ட் பீட் எப்ப எறங்குச்சு, ஆபரேஷன் எப்ப பண்ணாங்க, அதெல்லாம்தான் முக்கியம்."

"அது அப்புறம் சார். இவங்க பாவம் ரத்தத்துக்கு ஊரெல்லாம் அலைஞ்சாங்க. கையெழுத்து போட ஆளு வர்றதுக்கு லேட்டாயிருச்சு. நான் அஞ்சு மணிக்கே எழுப்பியிருந்தா எல்லாமே நேரத்துக்கு நடந்திருக்கும். நீங்க எழுதிக்கோங்க."

அதற்கு இரண்டு நாள் முன்பு பொய்வலிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி, திருப்பி அனுப்பப்பட்டு, மாமனாரிடம் சாடை மாடையாகப் பேச்சு வாங்கியவள் அவள். இரண்டாம் தடவையும் அசிங்கப்பட வேண்டாம் என்று அன்று விடிகாலை பல்லைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். அந்த நாலு மணி நேரத்தை அவள் ஏழு வருஷமாகத் தின்று செரிக்க முடியாமல் கிடக்கிறாள். ஆதவனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போதும், தொண்டையைத் தடவித் தடவிக் கஞ்சி புகட்டும்போதும், "அம்மா எந்திரிச்சிருக்கணும்டா தங்கம், அம்மா எந்திரிக்காம கெடந்துட்டேன்டா" என்பாள். அழுதுகொண்டுகூடச் சொல்வதில்லை. உப்பு போட்டேனா இல்லையா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிற மாதிரி சொல்வாள். ஜெயக்குமார் பக்கத்து அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அதைக் கேட்பான். ஒருநாள்கூட, ஒரே ஒருநாள்கூட, அந்த அறைக்குள் போய் நீ காரணமில்லை என்று சொன்னதில்லை.

நடந்தது வேறு. அன்று பத்தரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள், எதற்கும் ஒரு யூனிட் ரத்தமும் ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நர்ஸ் பேப்பரை எடுக்கப் போன அந்த இரண்டு நிமிஷத்தில், ஜெயக்குமாரின் அப்பா பிச்சைமுத்து வராந்தாக் கோடிக்குப் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். மண்ணச்சநல்லூரில் பெரிய நெல் அரவை மில் அவருடையது. மில்லில் அவர் செருமினால் மிஷின் ஓடுகிற சத்தத்திலும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மகனை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய், "இப்ப கடக லக்னம் ஓடுது. ஒன்னு இருவத்தெட்டுக்குத்தான் சிம்மம் பொறக்குது. சூரியன் ஒம்போதாம் எடத்துல உச்சம். இப்படி ஒரு ஜாதகம் நூறு வருஷத்துக்கு ஒருக்கதான் அமையும். நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்றார்.

"அப்பா, டாக்டர் ஒடனேன்னு சொல்றாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. போடா. போனை அணைச்சு வச்சுக்க. ரத்தத்துக்குப் போயிருக்கேன்னு நான் சொல்லிக்கிறேன்."

ஜெயக்குமார் போனான். யாரும் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. எதிர்ச் சந்தில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குள் நர்ஸ் மூன்று தடவை அவன் பெயரைக் கூப்பிட்டாள். பிச்சைமுத்து கையைக் கட்டிக்கொண்டு, "கட்டினவன் இருக்கும்போது நான் போடக்கூடாதும்மா, வந்துருவான்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று இருபத்தைந்துக்கு ஜெயக்குமார் திரும்பி வந்து மூச்சு வாங்குகிறவன்போல் நின்று கையெழுத்துப் போட்டான். ஒன்று நாற்பத்தொன்றுக்குக் குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

அதற்கப்புறம் ஊர் முழுக்க ஒரே கதைதான். பெண்டாட்டிக்கு ரத்தம் தேடி வேகாத வெயிலில் அலைந்த பையன் என்று சொந்தபந்தமெல்லாம் அவனைப் பாராட்டியது. சுபஸ்ரீயின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது இரண்டு பேர் அந்தப் பேச்சை எடுப்பார்கள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

குழந்தை மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களிலேயே ஜாதகம் தயாராகிவிட்டது. கம்ப்யூட்டர் ஜாதகம், பாதி இங்கிலீஷ். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அசெண்டென்ட் என்று போட்டு, அதற்கு நேரே சிங்கப் படம். பிச்சைமுத்து அதில் விரலை வைத்து, "இதுக்கு என்னடா அர்த்தம்? பி.காம். படிச்சவன்தானே" என்றார். ஜெயக்குமார் போனில் அகராதியைத் தேடி வாசித்தான். சோதிடத்தில் லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே எழுகிற ராசி. பொதுவாக, மேலே எழுவது. பிறகு, மற்றவர்களைவிட ஓங்கி நிற்பது, ஆதிக்கம் செலுத்துவது. பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எந்திரிக்கிறவன், ஏறி மிதிக்கிறவன். வெள்ளைக்காரன் ஒத்த வார்த்தைல வச்சிருக்கான் பாரு" என்றார். அந்த வாரம் மில்லுக்கு வந்த நெல் வியாபாரி, வண்டிக்காரர், மின்வாரிய ஆள் என்று ஒருவரிடமும் அதைச் சொல்லாமல் அவர் விடவில்லை. அகராதியில் நாலாவதாக இன்னொரு பொருளும் இருந்தது: முன்னோர், மூதாதை. அதை ஜெயக்குமார் வாசிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் இருந்தாலும் அத்தனையும் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரே ஆளுக்குத்தான் பொருந்தும் என்று அவனுக்கு அப்போதே தோன்றியது.

ஆதவன் என்று பேர் வைத்தது அவர்தான். முதல் பிறந்தநாளுக்கு மடியில் வைத்துக்கொண்டபோது தலை பின்பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அன்றோடு தூக்குவதை விட்டுவிட்டார். யாராவது கேட்டால், "லக்னம் பொய் சொல்லாது, இருவது வயசுக்கு மேல பாருங்க" என்பார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

இப்போது இரண்டாவது. முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதால் இதற்கும் ஆபரேஷன்தான் என்று புது ஆஸ்பத்திரியில் சொல்லி, வைகாசியில் ஒரு வாரத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்துக்குள் ஜோசியரிடம் நாளும் நேரமும் பார்த்து வாங்கி வரும்படி அப்பா காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார். பிசியோ முடிந்ததும் அவன் காரைக் காவிரிப் பாலத்தில் விட்டான். ஸ்ரீரங்கம் வந்ததும் உத்திர வீதியில் வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு, "பத்து நிமிஷம். வாங்கிட்டு வந்துர்றேன்" என்றான். பின்சீட்டில் ஆதவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்த சுபஸ்ரீ, "நல்ல நேரமா கேளுங்க. இதாவது நேரத்துல பொறக்கட்டும். நான் இந்த தடவை சின்னதா வலிச்சாலும் சொல்லிருவேன்" என்றாள்.

ஜோசியர் ரங்கநாதன் பூணூலும் துண்டுமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். "வாங்கோ வாங்கோ. தகப்பனார் ஃபோன் பண்ணினார். மூணு முகூர்த்தம் எடுத்து வச்சிருக்கேன். மூத்தவனோட ஜாதகத்தோடயும் ஒத்துப் பாத்துடலாம், இருங்கோ" என்று ஏதோ தட்டினார். திரையில் அதே சிங்கம், அதே சொல் வந்தது. ரங்கநாதன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"லக்னாதிபதி சூரியன் ஒம்பதாமிடம் பாக்யத்துல உச்சம். பிரமாதமான ஜாதகம்தான். ஆனா ஸ்வாமி, அன்னிக்கு முக்கா மணி முன்னாடியே எடுத்திருந்தாலும் ஒண்ணும் குறைச்சல் இல்லே. கடக லக்னம், பத்துல சூரியன் உச்சம். அதுவும் ராஜயோகம்தான். உங்க தகப்பனார் ஆஸ்பத்திரிலேர்ந்து கேட்டப்பவே சொன்னேனே, ரெண்டும் உத்தமம், டாக்டர் சொல்றபடி பண்ணுங்கோன்னு."

ஜெயக்குமார் திரையையே பார்த்தான். "அதுக்கு அப்பா என்ன சொன்னாங்க?"

ரங்கநாதன் சிரித்தார். பிள்ளைகளை அப்பாக்கள் கேலி செய்வதை ரசிக்கிற, கள்ளமில்லாத சிரிப்பு. "'கடகம் வேண்டாம் சாமி, வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதுவே போதும்'னார். அவர் பேசற தோரணை உங்களுக்குத் தெரியாததா?"

ஜெயக்குமாருக்குக் கடக லக்னம். சிறுவயதிலிருந்தே அது அந்த வீட்டில் ஒரு வசவு. சைக்கிள் பழகும்போது கீழே விழுந்தாலும், மில் ஆட்களிடம் குரல் உயர்த்தாமல் பேசினாலும், "நண்டுப் பய, நேரா நடக்கத் தெரியாது" என்பார் அப்பா. வசவுதானே என்று இருந்துவிட்டான். தன்னைப்போல் இன்னொருவன் அந்த வீட்டில் பிறந்துவிடக் கூடாது என்பதற்காகவே தன்னை டீக்கடைக்கு அனுப்பினார் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. தானும் போனோமே, தன்னைப்போல ஒரு பிள்ளை பிறக்காமல் இருக்கத் தன் காலாலேயே நடந்து போனோமே என்று நினைத்தான். ஆனாலும் ரங்கநாதன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவனும் சிரிப்பான் என்று எதிர்பார்த்து. அவன் சிரித்தான். மூன்று நேரம் எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு வெளியே வந்தான்.

கொள்ளிடம் பாலத்தில் கார் ஏறியபோது கீழே ஆறு மணலாகக் கிடந்தது. சித்திரை வெயிலில் நாலைந்து மாடுகள் எங்கோ ஒரு குட்டையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. பின்சீட்டில் சுபஸ்ரீ ஆதவனுக்குப் பாட்டிலிலிருந்து ஸ்பூனால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா எந்திரிச்சிருந்தா இந்நேரம் நீயே குடிச்சிருப்பல்ல" என்றாள் அவனிடம். எப்போதும் சொல்வதுதான். ஆனால் அன்று ஜெயக்குமாரால் தாங்க முடியவில்லை. பாலம் முடிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினான்.

"சுபா, நான் அன்னிக்கு ரத்தத்துக்குப் போகல."

அவள் ஸ்பூனை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு ஸ்பூன் புகட்டினாள். அவன் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பன்னிரண்டு நாற்பது, கடகம், சிம்மம், போனை அணைத்தது, ஒன்று இருபத்தைந்து. ரங்கநாதன் சொன்னதையும் சொன்னான். சொல்லி முடித்தால் நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தான். ஒன்றும் இறங்கவில்லை. அங்கேயே இருந்தது.

"எங்க இருந்தீங்க?" என்றாள்.

"எதிர்ச் சந்துல. டீக்கடைல."

"டீ குடிச்சீங்களா?"

"ம்."

"எத்தனை?"

"ரெண்டு."

அவள் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். "நானே கையெழுத்து போடுறேன், பேப்பரக் குடுங்கன்னு உள்ள கத்துனேன். வீட்டு ஆம்பளை போடணும்மான்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிருச்சு. நான் பெல்லை அமுக்கிக்கிட்டே கெடந்தேன்."

"அப்பாதான் சுபா... அப்பா சொன்னா நான்..."

"உங்க அப்பாவ விடுங்க. நடந்து போனது உங்க காலுதானே." குரல் உயரவே இல்லை. "அதைக்கூட விடுங்க. ஏழு வருஷமா நான் இவன்கிட்ட தெனமும் சொல்லிட்டிருந்தேன். நீங்க பக்கத்து ரூம்ல கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

அவள் அழுவாள், அடிப்பாள், அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்பாள் என்று அவன் மனதுக்குள் பல தடவை ஒத்திகை பார்த்ததில் எதுவும் நடக்கவில்லை. ஆதவன் முகத்தைக் கையால் மறைத்தபடி, "வண்டிய எடுங்க. இவனுக்கு வெயில் படுது" என்றாள். டோல்கேட் தாண்டி மண்ணச்சநல்லூர் வரும்வரை ஆதவன் மட்டும் அவனுக்கே உரிய முறையில் ஏதோ முனகிக்கொண்டு வந்தான். மடியில் கிடந்த பிள்ளையிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தினம் சொல்கிற அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் அவளுக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை போலிருந்தது.

மில்லை ஒட்டியே வீடு. கேட்டுக்குள் நுழைந்து களத்து ஓரம் நிறுத்தியபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயக்குமார் இறங்கிப் பின்கதவுப் பக்கம் வந்து கைப்பிடியைத் தொட்டான். உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. கண்ணாடியைத் தட்டினான். சுபஸ்ரீ நேரே முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி, ஆதவனை மடியில் கிடத்தி, உட்கார்ந்தே இருந்தாள். இவனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சாவி அவன் கையில்தான் இருந்தது. பொத்தானை அமுக்கினால் கதவு திறந்துகொள்ளும். அமுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"டேய் ஜெயா."

ஆபீஸ் அறை வாசலில் பிச்சைமுத்து வந்து நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத ஆள். "என்னடா, அவ ஏன் வண்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கா? சாமி நேரம் குடுத்தாரா இல்லியா?"

ஜெயக்குமார் அவரைப் பார்த்தான். காரிலேயே யோசித்து வைத்த வார்த்தைகள் இருந்தன. ஏன் பொய் சொன்னீங்க என்று ஒன்று, இந்தப் பிள்ளை விஷயத்தில் நீங்க தலையிடாதீங்க என்று இன்னொன்று. களத்தைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றான். அவர் கையை நீட்டினார். அவ்வளவுதான், வெறும் கையை நீட்டினார். அவனுடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சீட்டை எடுத்துக் கொடுத்தது. கொடுத்த பிறகுதான் கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தான். சுபஸ்ரீ இப்போது ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பியிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிச்சைமுத்து கண்ணாடி இல்லாமல் சீட்டை எட்டப் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, உதட்டை அசைத்து வாசிக்க ஆரம்பித்தார். மில் புகைக்கூண்டிலிருந்து கிளம்பிய உமிச் சாம்பல் காற்றில்லாத வெயிலில் மெதுவாக இறங்கி, களத்தின் மேலும் அவர்கள் இருவர் தோளின் மேலும் காரின் மேலும் விழுந்துகொண்டிருந்தது. பின்கதவுக் கண்ணாடியில் முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு சாம்பல் நிறத்தில் ஒரே பரப்பாக. உள்ளே அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டு வந்தது. அதைத் துடைக்க அவளும் கண்ணாடியை இறக்கவில்லை, இவனும் நகரவில்லை.